அபராதம் கட்டியாச்சு, லைசென்ஸ் எப்போது வரும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. பனியன் கம்பெனி ஒன்றில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு நண்பர்களுடன் குடித்துவிட்டு, என் சொந்த பைக்கில் வீடு திரும்பும்போது போலீஸ் செக்கிங்கில் மாட்டிக்கொண்டேன். ஊதச் சொன்னதில் 68 காட்டியது. பைக்கையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டி பைக்கை எடுத்துவிட்டேன். லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது 'உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக் கூடாது, 7 நாட்களுக்குள் விளக்கம் தருக' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஃபைன் கட்டிய பிறகும் இது எதற்கு? அந்தச் சீட்டையும் போனில் இருக்கும் டிஜிலாக்கர் லைசென்ஸையும் காட்டி வேன் ஓட்டலாமா? முதலாளி ஓட்டச் சொல்கிறார். 'தொலைந்துபோச்சு என்று எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிவிடலாம்' என்கிறார் மச்சான். வேன் ஓட்டினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்.டி.ஓ. உத்தரவு வரும்வரை ஓட்டலாம் என்று நினைத்து இப்போதும் வேன் எடுத்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கையில் இருக்கும் சீட்டு ஓட்டுவதற்கான அனுமதி இல்லை.

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-ஆம் பிரிவில் லைசென்ஸை வாங்கி வைப்பது ஒரே விதம் அல்ல. ஆள் சம்மனுக்கு வராமல் போய்விடுவார் என்ற எண்ணத்தில் வாங்கினால், அதற்குக் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டை வைத்து அதில் குறித்த நாள் வரை வண்டி ஓட்டலாம். பழைய டிரைவர்கள் 'சீட்டு இருந்தா ஓட்டலாம்ப்பா' என்று சொல்வது இதைத்தான். உங்களுடையது 206(4). அது 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிவேகம் (183), ஆபத்தான ஓட்டுதல் (184), குடித்துவிட்டு ஓட்டுதல் (185), சாலையில் ரேஸ் (189), பாதுகாப்பற்ற நிலையில் உள்ள வண்டியை ஓட்டுதல் (190), பைக்கில் மூன்று பேர் (194சி), ஹெல்மெட் இல்லாமை (194டி), ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை (194இ) ஆகியவற்றில் சிக்கினால் லைசென்ஸைக் கைப்பற்றி, தகுதி நீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. இதற்குக் கொடுக்கும் சீட்டு, உரிமம் திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்டும் உரிமை தராது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

டிஜிலாக்கரும் இதே கணக்குதான். போனில் காட்டும் லைசென்ஸ் அசலுக்குச் சமம் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் அது 'சாரதி' என்ற அரசின் ஓட்டுநர் உரிமக் கணினிப் பதிவின் நகல். தகுதி நீக்கம் செய்யப்பட்ட உரிமங்களின் விவரத்தை அந்தப் பதிவில் ஏற்ற வேண்டும் என்பதும் 2020 முதல் விதியில் இருக்கிறது. அடுத்த செக்கிங்கில் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஃபைன் கட்டியும் நோட்டீஸ் ஏன் என்று கேட்கிறீர்கள். கோர்ட் தண்டித்தது குற்றத்துக்கு. ஆர்.டி.ஓ. இப்போது பார்க்கப்போவது, உங்களைச் சாலையில் ஓட்ட விடலாமா என்பதை. இது 19-ஆம் பிரிவில் வரும் தனி நடவடிக்கை. முதல் முறை என்றால் மூன்று மாதத் தகுதி நீக்கம், இரண்டாம் முறை என்றால் உரிமமே ரத்து என்று 19(1ஏ) சொல்கிறது. போலீசிலேயே சமரசத் தொகை கட்டி முடிகிற குற்றங்களிலும் இதே நிலைதான். தொகை கட்டியதால் 206(4) நடவடிக்கையிலிருந்து விடுதலை இல்லை என்று 200-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 194டி-யில் அபராதத்தோடு மூன்று மாதத் தகுதி நீக்கமும் சேர்ந்தே இருக்கிறது.

இனி நோட்டீஸுக்கு வருவோம். ஏழு நாள் என்பதை நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணுகிறார்களா, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று அதன் வாசகத்தில் பாருங்கள். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள அஞ்சல் முத்திரைதான் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி. லைசென்ஸில் பழைய முகவரி இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அங்கே போய்த் திரும்பிவிடும். அவர்கள் பதிலே தராதவர்கள் என்று எழுதி உத்தரவு வந்துவிடும். உங்களுக்கு நோட்டீஸ் கைக்கு வந்தது நல்ல காலம். பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள். உத்தரவுக்கு முன் உங்கள் தரப்பை ஒருவர் கேட்டாக வேண்டிய கட்டம் இது ஒன்றுதான்.

பதிலில் பொய் வேண்டாம். 'இருமல் மருந்து குடித்தேன்', 'கருவி கோளாறு' என்று எழுதச் சொல்லும் ஆட்கள் அந்த அலுவலக வாசலிலேயே இருப்பார்கள். சட்டத்தின் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். உங்கள் அளவு 68, இரண்டு மடங்குக்கும் மேல். கருவியின் அளவைச் சந்தேகிக்க வேண்டியிருந்தால் கோர்ட்டில் வழக்கை நடத்தியிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய தீர்ப்பு கோப்பில் இருக்கும்போது வேறு கதை எழுதினால், அதிகாரிக்கு உங்கள் மேல் இருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது வாகன வகை. 19-ஆம் பிரிவில் தகுதி நீக்கம் என்பது உரிமத்தில் உள்ள 'எல்லா அல்லது ஏதாவது ஒரு வகை' வாகனங்களுக்கு என்றுதான் இருக்கிறது. ஆக, அதிகாரி நினைத்தால் இரு சக்கர வாகனத்துக்கு மட்டும் தடை போட்டு, வேன் ஓட்டும் தகுதியை விட்டுவைக்க முடியும். குற்றம் நடந்தது சொந்த பைக்கில், வேலை நேரத்துக்கு வெளியே, வண்டியில் பயணி யாரும் இல்லை. இதைச் சொல்லிக் கேட்கலாம். கிடைக்குமா? வாய்ப்பு குறைவு. விடிந்தால் வேன் நிறையத் தொழிலாளர்களை ஏற்றப்போகிறவர் இரவில் இந்த அளவில் வண்டி ஓட்டியிருக்கிறார் என்றுதான் எந்த அதிகாரியும் யோசிப்பார், அது நியாயமும்கூட. இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டிய கடமை அவருக்கு வருகிறது. முந்தைய வழக்கு ஏதும் இல்லாமல் பல ஆண்டு ஓட்டியவர் என்பதற்குக் கம்பெனிக் கடிதமும் சேர்ந்தால், குறைந்தபட்சம் மனது வைத்துப் படிப்பார்கள்.

இரண்டாவது கோரிக்கையில்தான் உண்மையான பலன் இருக்கிறது. மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? லைசென்ஸ் உங்கள் கையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. சட்டப்படி அந்த நாளிலிருந்தே உங்களால் ஓட்ட முடியாது. ஆனால் உத்தரவில் 'இன்றிலிருந்து மூன்று மாதம்' என்று எழுதிவிட்டால், ஏற்கெனவே போன நாட்கள் கணக்கில் வராமல் நான்கு மாதம், ஐந்து மாதம் என்று இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கைப்பற்றிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று கேளுங்கள். சீட்டில் அந்த நாள் இருக்கும். இடையில் ஓட்டவில்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே இதைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும். 'இன்றோடு நிறுத்துங்கள்' என்று முதலில் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதம் பெரிதாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். அனுப்புநர், பெறுநர் (வட்டாரப் போக்குவரத்து அலுவலர்), பொருள், பார்வை என்று வழக்கமான அமைப்பு. 'பார்வை' என்ற இடத்தில் நோட்டீஸின் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) நாளையும் பிழையில்லாமல் எழுதுங்கள். அது தவறினால் உங்கள் கடிதம் கோப்போடு சேராது. உள்ளே இப்படி எழுதலாம்:

"பார்வையில் கண்ட அறிவிப்பு ...ஆம் நாள் எனக்குக் கிடைத்தது. ...ஆம் நாள் இரவு என் சொந்த இரு சக்கர வாகனத்தை மது அருந்திய நிலையில் ஓட்டியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியுள்ளேன். இதற்கு முன் என் மீது இத்தகைய வழக்கு எதுவும் இல்லை. அன்று விபத்தோ எவருக்கும் காயமோ ஏற்படவில்லை. இலகுரகப் போக்குவரத்து வாகனம் ஓட்டுவதே என் ஒரே வருமானம். எனவே, சட்டப் பிரிவு 19(1ஏ)-இல் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, தகுதி நீக்கத்தை இரு சக்கர வாகன வகைக்கு மட்டும் விதிக்குமாறு வேண்டுகிறேன். அது இயலாதெனில், என் உரிமம் கைப்பற்றப்பட்ட ...ஆம் நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடுமாறு வேண்டுகிறேன். அந்த நாள் முதல் நான் எந்த வாகனமும் ஓட்டவில்லை. உத்தரவுக்கு முன் என்னை நேரில் விசாரிக்கவும் வேண்டுகிறேன்."

இடையில் ஓட்டியிருந்தால் கடைசி வரிக்கு முந்தைய வரியை எழுதாதீர்கள். விபத்து இல்லை, முன்வழக்கு இல்லை என்பவையும் உண்மையாக இருந்தால் மட்டுமே. இணைப்பாக நோட்டீஸ் நகல், போலீஸ் சீட்டின் நகல், அபராத ரசீது, தீர்ப்பு நகல், கம்பெனிக் கடிதம். நேரில் போய்த் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். போக முடியாவிட்டால் ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்). யாரிடமோ கொடுத்தேன், மேசையில் வைத்தேன் என்பதெல்லாம் பிறகு செல்லாது.

இணைப்பில் தீர்ப்பு நகல் என்றேன். ரசீது மட்டும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதே இல்லை. 185-இல் தண்டனை கொடுக்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் தகுதி நீக்கமும் செய்ய வேண்டும் என்று 20(2) சொல்கிறது. அபராதத்தோடு முடிகிற தீர்ப்புகளும் உண்டு, தகுதி நீக்கத்தோடு வருகிற தீர்ப்புகளும் உண்டு. உங்கள் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிப் படியுங்கள். நீதிமன்றமே தகுதி நீக்கம் செய்திருந்தால், ஆர்.டி.ஓ.விடம் கேட்டு அதைக் குறைக்க முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே மனு போட்டதாலேயே தடை நின்றுவிடாது, நீதிமன்றம் தனியாக நிறுத்திவைத்தால்தான் உண்டு. நீண்ட காலத் தடை பெற்றவர்களுக்கு 23(3)-இல் ஒரு வழி இருக்கிறது. உத்தரவு நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, தடையை நீக்கவோ குறைக்கவோ கேட்டு, உத்தரவு போட்ட இடத்திலேயே மனு செய்யலாம். மறுத்தால் அடுத்த மனுவுக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

விசாரணையன்று நேரத்துக்குப் போங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எழுத்தில் கேட்ட இரண்டையும் வாயாலும் சொல்லி, அது பதிவாகிறதா என்று பாருங்கள். உத்தரவு வந்ததும் எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள், தடை எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிகிறது, எந்த வகை வாகனங்களுக்கு, உங்கள் விளக்கத்தைப் பரிசீலித்ததாகக் காரணம் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். சில நோட்டீஸ்களிலும் உத்தரவுகளிலும், உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவின் 2015 ஆகஸ்ட் அறிவுறுத்தலைக் காரணமாகக் காட்டியிருப்பார்கள். அதிவேகம், சிக்னல் மீறல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடிபோதை, செல்போன் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் என்று சொன்ன அறிவுறுத்தல் அது. ஆனாலும் அதிகாரம் பிறப்பது 19-ஆம் பிரிவிலிருந்துதான். அங்கே உங்களைக் கேட்க வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்ற இரண்டும் கட்டாயம். போலீஸ் உரிமத்தைக் கைப்பற்றலாமே தவிர, தகுதி நீக்கம் செய்யும் அதிகாரம் உரிமம் வழங்கும் அதிகாரிக்குத்தான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உத்தரவில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் செய்வது என்று உத்தரவின் அடியில் இல்லாவிட்டால் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் மூன்று மாதம் என்ற சாதாரண உத்தரவு வந்தால், மேல்முறையீட்டுக்குச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். மனு விசாரணைக்கு வருவதற்குள் காலமே முடிந்துவிடக்கூடும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் அல்லது ரத்து என்று வந்தால், விசாரிக்காமலே போட்டிருந்தால், காரணமே எழுதாமல் அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பியிருந்தால், அப்போது போங்கள்.

மச்சான் சொல்லும் யோசனை உங்களைக் கிரிமினல் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். போலீஸ் வாங்கி வைத்திருக்கும் லைசென்ஸைத் 'தொலைந்தது' என்று எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். தகுதி நீக்கக் காலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதும் பெறுவதும் 182-இல் தனிக் குற்றம், அப்படிப் பெற்ற உரிமமும் செல்லாது. வேறு மாவட்டத்தில் புதிதாக எடுத்துத் தருகிறேன் என்று புரோக்கர் வந்தாலும் இதே கதைதான். எல்லா மாவட்டமும் ஒரே சாரதியில்தான் இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிய வேண்டியதை, பொய் சொல்லி உரிமம் பெற்றவர் என்ற 19-ஆம் பிரிவின் இன்னொரு காரணத்துக்குள் நீங்களே கொண்டுபோய்விடாதீர்கள்.

முதலாளியிடம் பேசுவதுதான் கஷ்டமான வேலை. அவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவருடைய பணத்தைப் பற்றிப் பேசுங்கள், புரியும். தகுதி நீக்கத்தில் இருப்பவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அது சின்ன விஷயம். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டியது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 150-ஆம் பிரிவில் ஒரு எதிர்வாதம். வேன் யாரையாவது மோதிவிட்டால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உச்ச நீதிமன்றம் 2004-இல் வகுத்த வழி இது. அந்தத் தொகை பல லட்சம் போகும். வண்டியின் சொந்த சேதத்துக்கும் கிளைம் கிடைக்காது. இதைச் சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை பேக்கிங்கிலோ செக்கிங்கிலோ லோடு ஏற்றும் இடத்திலோ வேலை கொடுங்கள் என்று கேளுங்கள். சம்பளம் குறையும். வேலை தொடரும் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அது ஆர்.டி.ஓ. விளக்கத்துக்கும் பயன்படும்.

இந்த இடத்தில், விபத்து வழக்கில் இதே நோட்டீஸ் வாங்கும் லாரி, பஸ் டிரைவர்களுக்காக ஒரு குறிப்பு. உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை என்றாலும் எழுதாமல் விட மனமில்லை. உயிரிழப்பு நடந்து எஃப்.ஐ.ஆர். போட்டாலே லைசென்ஸ் தானாக ஆறு மாதம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். 21-ஆம் பிரிவில் அந்தத் தானியங்கித் தடை இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே 184-இல் தண்டனை பெற்றவர் மீது, ஆபத்தாக ஓட்டி மரணமோ கொடுங்காயமோ ஏற்படுத்தியதாக மறுபடி வழக்குப் பதிவானால் மட்டுமே அது பொருந்தும். மற்றவர்களுக்கு 19-ஆம் பிரிவில், விசாரித்து, அதிகாரி தானாகவே ஒரு முடிவுக்கு வந்துதான் உத்தரவு போட முடியும். எஃப்.ஐ.ஆர். ஒன்றை மட்டும் வைத்து, குற்றம் நிரூபணமாகும் முன்பே உரிமத்தை நிறுத்தியது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் பல ரிட் வழக்குகளில் உத்தரவுகளை ரத்து செய்திருக்கின்றன. ஆகவே விபத்து வழக்கில் விளக்கம் எழுதும்போது பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை மூன்றையும் வாங்கி இணைத்து, வண்டி எந்தப் பக்கம் நின்றது, பிரேக் தடம் எவ்வளவு தூரம் என்று குறிப்பாக எழுதுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்கும் போலீசுக்குத் தகவல் சொன்னதற்கும் சாட்சி இருந்தால் அதையும் சேருங்கள். 134-ஆம் பிரிவின் அந்தக் கடமையைச் செய்யாமல் ஓடியதே தகுதி நீக்கத்துக்குத் தனிக் காரணமாகிவிடும்.

மூன்று மாதம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வீட்டுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருந்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று 19(2ஏ) சொல்கிறது. கடைசி வாரத்தில் போய்க் கேட்டால், பயிற்சி அடுத்த தொகுதியில்தான் என்பார்கள், இன்னும் சில வாரம் போகும். ஆகவே உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே, எந்த நிறுவனத்தின் சான்றிதழை ஏற்பார்கள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள். தடை முடியும் நாளன்று சான்றிதழ் நகலுடன் ஒரு கடிதம் கொடுத்து அட்டையை வாங்குங்கள். வாங்கியதோடு விடாமல், அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு நிலவரம் பாருங்கள். அட்டை கையில் வந்தும் கணினியில் தடை நீங்காமல் இருந்து, அடுத்த சோதனையில் மாட்டி, இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். நீங்கவில்லை என்றால் அங்கேயே நின்று நீக்கச் சொல்லுங்கள். உங்கள் போக்குவரத்து வாகனத் தகுதிக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். அது இந்த இடைவெளியில் முடிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் போனால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிவரும்.

இனி ஒரு முறை 185-இல் மாட்டினால் நிலைமை வேறு. இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அதோடு, 22(2)-ன்படி நீதிமன்றமே உரிமத்தை ரத்து செய்யும். 206(4) பட்டியலில் உள்ள வேறொரு குற்றமும் 'இரண்டாவது' என்று எடுத்துக்கொள்ளப்படும் அபாயம் இருப்பதால், ஹெல்மெட்டில்கூட அலட்சியம் வேண்டாம்.

வேன் டிரைவரான உங்களுக்கு இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ரத்தத்திலிருந்து ஆல்கஹால் இறங்குவது சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான். காபி, மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. 68-இல் இருந்தவர் 30-க்கு இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒருவர் நன்றாகக் குடித்து நள்ளிரவில் 150-இல் படுத்தால், காலை எட்டு மணிக்குத்தான் 30-ஐத் தொடுவார். ஆறு மணிக்கு முதல் ட்ரிப் எடுக்கும்போது உடம்பில் 60 இருக்கும். தூங்கி எழுந்ததால் தெளிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும், வேனில் ஏறுகிறவர்களுக்கும் தெரியாது. மறுநாள் ட்ரிப் இருக்கிற இரவில் குடிக்கவே கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

அப்படி விட முடியவில்லை, காலையில் கை நடுங்குகிறது என்றால் அது சிகிச்சைக்கு உரியது, வெட்கப்பட வேண்டியதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே போடும் ஓ.பி. சீட்டின் நகலை விளக்கத்தோடு இணைக்கலாம். ஏழு நாளுக்குள் முடியாவிட்டால் விசாரணையன்று நேரில் கொடுங்கள்.